செல் பிரியவும் வேண்டும், நிற்கவும் வேண்டும்

கீமோதெரபி தொடங்கிய இரண்டு மூன்று வாரத்தில் பலருக்குத் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்துவிடும். வாயில் புண் வரும், சாப்பாடு இறங்காது, ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும். நோய் முற்றிவிட்டதோ என்று வீடே கலங்கிப்போகும். பெரும்பாலும் இது நோயின் வேலை அல்ல, மருந்தின் வேலை. பல கீமோ மருந்துகளுக்குப் புற்றுநோய்ச் செல்லை மட்டும் அடையாளம் பார்த்து அடிக்கத் தெரியாது. பிரிந்துகொண்டிருக்கும் செல் எதுவானாலும் தாக்கும். மயிர்க்கால், வாய், குடலின் உட்படலம், எலும்பு மஜ்ஜை ஆகியவை செல்கள் ஓயாமல் பிரியும் இடங்கள். அதனால்தான் அங்கெல்லாம் அடி விழுகிறது. சிகிச்சை முடிந்ததும் அவை பெரும்பாலும் மீண்டுவிடும்.

பள்ளியில் படம் வரைந்து பாகம் குறித்துவிட்டு மறந்துபோன செல் பிரிதல், இப்படித்தான் ஒருநாள் நம் வீட்டுப் பேச்சாகிறது.

ஒன்று இரண்டாவது எப்படி?

பிரிவதற்கு முன் ஒரு செல் தன் மரபுச் செய்தி முழுவதையும் நகலெடுத்தாக வேண்டும். மனிதச் செல்லின் உட்கருவில் 46 குரோமோசோம்கள். அவற்றில் ஏறத்தாழ 600 கோடி டி.என்.ஏ. எழுத்துகள். (முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த எண்ணை 48 என்றே பாடம் நடத்தினார்கள். 1956-ல் ஜோ ஹின் ட்ஜியோவும் ஆல்பர்ட் லெவானும் ஸ்வீடனிலிருந்து 46 என்று திருத்திச் சொன்னார்கள்.) ஆய்வகத்தில் வளரும் மனிதச் செல் ஒரு சுற்றை முடிக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அதில் நகலெடுப்பதற்கே எட்டு மணி நேரம்போல் போய்விடும். செல் இரண்டாகப் பிரியும் மைட்டாசிஸ் கட்டம் ஒரு மணி நேரத்துச் சமாச்சாரம்தான்.

அந்த ஒரு மணி நேரத்தைச் சாலமாண்டர் குஞ்சுகளின் செல்களில் சாயமேற்றிப் பார்த்து, 1882-ல் விரிவாக எழுதிவைத்தவர் ஜெர்மானியரான வால்தர் ஃபிளெமிங். தளர்ந்து கிடந்த குரோமோசோம் இழைகள் சுருண்டு தடிக்கின்றன. மூலமும் நகலும் ஒட்டிய நிலையில் செல்லின் நடுவே வரிசைகட்டுகின்றன. இரு முனைகளிலிருந்தும் நீளும் கதிர் இழைகள் அவற்றைப் பிடித்து எதிரெதிரே இழுக்கின்றன. ஒரேயொரு குரோமோசோம் சரியாக மாட்டாமல் இருந்தாலும் இழுவை தொடங்காது. அன்றைய கணக்கு நேராகாமல் கடையைப் பூட்டாத மளிகைக்காரரைப் போல செல் காத்திருக்கும்.

இந்தக் கதிர் இழைகள் உருவாகாமல் தடுத்துச் செல் பிரிவை நிறுத்தும் மருந்துதான் வின்கிறிஸ்டின். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் அது முக்கிய மருந்து. கிடைப்பது நம் வாசலில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து. உடனே இலையைப் பறித்து அரைத்துக் குடிக்கக் கிளம்பிவிட வேண்டாம். அது நச்சுச் செடி. மருத்துவர்கள் அந்த மருந்தை மில்லிகிராம் கணக்கில் அளந்து ரத்தக் குழாய் வழியாகத்தான் ஏற்றுகிறார்கள்.

எல்லாச் செல்லும் பிரிவதில்லை

சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். ஈடுகட்ட, எலும்பு மஜ்ஜை நொடிக்கு 20 லட்சத்துக்கும் மேல் புதிதாக உண்டாக்குகிறது. குடலின் உட்படலம் சில நாள்களுக்கொரு முறை புதிதாகிறது. கல்லீரலில் பெரும்பகுதியைத் தானம் கொடுத்தவருக்கும் அது சில மாதங்களில் வளர்ந்துவிடும். இதயத் தசையும் மூளை நரம்புச் செல்களும் அப்படியல்ல. மாரடைப்பில் செத்த தசை இருந்த இடத்தில் தழும்புதான் மிஞ்சும். 'செல்களைப் புதுப்பிக்கும்' என்று விற்கும் பொடிக்கும் கிரீமுக்கும் காசு கொடுக்குமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

முட்டைக்குள் நீண்ட காத்திருப்பு

விந்தணுவும் சினைமுட்டையும் உருவாகும்போது நடப்பது மியாசிஸ். 46 பாதியாகி 23 ஆகும். இரண்டும் சேர்ந்தால் மறுபடி 46. பெண்ணுக்கு இந்தப் பிரிவு அவள் தாயின் வயிற்றில் இருக்கும்போதே தொடங்கி, நடுவழியில் நின்றுவிடுகிறது. அவள் வயதுக்கு வந்த பிறகு, மாதந்தோறும் முட்டை வெளிவரும் சமயத்தில்தான் அது தொடர்கிறது; விந்தணு நுழைந்தால்தான் முழுமையாகிறது. நாற்பது வயதுப் பெண்ணின் முட்டை நாற்பது ஆண்டுகளாகப் பாதிப் பிரிவில் காத்திருந்தது என்று பொருள். அத்தனை காலத்தில் குரோமோசோம்களைச் சேர்த்துவைத்திருக்கும் பிடி தளர்ந்து, பங்கீடு தவறலாம்.

21-ம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாகிவிட்டால் டவுன் நோய்க்குறி. 25 வயதில் ஏறத்தாழ 1,200 பிரசவங்களில் ஒன்று என்றிருக்கும் இந்த வாய்ப்பு, 40 வயதில் நூற்றில் ஒன்றாகிறது. இளம் தாய்க்கும் நேரலாம். தாய் எதைச் சாப்பிட்டாள், எந்தக் கிரகணத்தில் வெளியே போனாள் என்று விசாரணை நடத்துவதில் அர்த்தமே இல்லை.

உணவால் ஆகக்கூடிய காரியம் வேறொன்று இருக்கிறது. டி.என்.ஏ. நகலெடுக்க ஃபோலிக் அமிலம் வேண்டும். அது குறைந்தால் கருவின் தண்டுவடக் குழாய் மூடாமல் போகலாம். அந்தக் குழாய் கருத்தரித்து 28 நாளுக்குள் மூடியாக வேண்டும். பல பெண்களுக்கு அப்போது கர்ப்பம் என்பதே உறுதியாகியிருக்காது. எனவே குழந்தைக்குத் திட்டமிடும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் மாத்திரையைத் தொடங்க வேண்டும். நாள் தள்ளிய பிறகு ஆரம்பிப்பது தாமதம்.

நிறுத்தத் தெரியாத செல்

புற்றுநோயை வெளியிலிருந்து வந்து ஒட்டிய ஒன்றாகப் பலர் நினைக்கிறார்கள். அது நம் சொந்தச் செல்தான். நிறுத்து என்ற கட்டளைக்குக் கீழ்ப்படிவதை விட்டுவிட்டது. டி.என்.ஏ. சேதமானால் பிரிவை நிறுத்தி, பழுதுபார்க்க வழியில்லை என்றால் செல்லையே சாகச் செய்யும் பி53 என்றொரு புரதம் நம்மிடம் உண்டு. புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இதன் மரபணு கெட்டிருக்கிறது. புகையிலைப் புகையின் நச்சு இந்த மரபணுவையே சிதைக்கிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் இன்னும் நேரடியாக, பி53 புரதத்தையே அழித்துவிடுகிறது.

இந்த வைரஸுக்குத் தடுப்பூசி இருக்கிறது. 9 முதல் 14 வயதுக்குள் போட்டால் பலன் அதிகம். பெண் குழந்தைகளின் பெற்றோர் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுவிடுங்கள். முப்பதைத் தாண்டிய பெண்கள் கருப்பை வாய்ப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். புகையிலை, பான் மசாலா பழக்கம் இருந்தால் இன்றே விட முயலுங்கள். வாயில் வந்த புண்ணோ வெள்ளைத் திட்டோ மூன்று வாரத்தில் ஆறவில்லை என்றால், வலி இல்லையே என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். ஆரம்பத்தில் வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் வலிப்பதில்லை.