மாடவீதியில் மார்கழி: யாருக்கு எந்த டம்ளர்?

மார்கழி பிறந்துவிட்டால் மயிலாப்பூருக்கே ஒரு தனிக் களை வந்துவிடுகிறது! விடிவதற்கு முன்பே கபாலீசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள மாடவீதிகளில் வாசல் தெளிக்கும் ஓசை. கோலமாவு டப்பாவும் கையுமாகக் குனிந்த தலைகள். கோலத்தின் நடுவே சாண உருண்டையில் பூசணிப் பூ. திருப்பாவையும் திருவெம்பாவையும் பாடிக்கொண்டு போகும் பஜனைக் கோஷ்டி. "என்ன மாமி, இன்னிக்கு எத்தனை புள்ளி?" என்று எதிர்வீட்டு வாசலிலிருந்து ஒரு குரல்.

சென்னையில் இந்த நாட்களின் அதிகாலை வெப்பம் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். தில்லிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்! நமக்குப் பனி பனிதான். தாத்தாவின் தலையில் மஃப்ளர் ஏறிவிடும்; கைகள் தாமாகவே சூடான டம்ளரைத் தேடும்.

அரையாண்டுப் பரீட்சை முடிந்து குழந்தைகள் வீட்டில். மும்பையிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் கச்சேரி கேட்க வந்த உறவினர்கள் கூடத்தில். ஒருவருக்குக் காப்பி, ஒருவருக்குச் சுக்கு, ஒருவருக்குப் பால். இந்தச் சீசனில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை அடுப்பில் பாத்திரம் ஏறுகிறது என்று நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா, சகோதரிகளே? சிரமப்பட்டுத்தான் கலக்குகிறோம். அந்த டம்ளர் அவரவருக்கு ஏற்றதுதானா என்பதையும் கொஞ்சம் கவனிப்போமே!

சுக்கு மல்லிக் காப்பி

பெயரில்தான் காப்பி; காப்பிப் பொடி இதில் கிடையாது. தனியா 100 கிராம், மேல்தோல் சுரண்டிய சுக்கு 50 கிராம், மிளகு ஒரு மேஜைக்கரண்டி, ஏலக்காய் 5. இவற்றை வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறுத்து, ஆறவைத்து, பொடித்துக் கண்ணாடி பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டரை டம்ளர் தண்ணீர் கொதிக்கும்போது ஒன்றரை டீஸ்பூன் பொடி போட்டு, இரண்டு டம்ளராக வற்றியதும், கருப்பட்டி கரைத்து வடிகட்டிக் குடிக்கலாம். தொண்டைக்கு இதம், சாப்பாட்டுக்குப் பின் வயிற்றுக்கும் சுகம்.

சிலர் இதில் அதிமதுரமும் சேர்ப்பார்கள். ரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இருக்கிற வீட்டில் அதைத் தவிர்த்துவிடுங்கள். அதிமதுரத்தைத் தொடர்ந்து சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும்.

தாத்தா பாட்டிக்குச் சர்க்கரை வியாதி உண்டா? "கருப்பட்டிதானே, ஒண்ணும் பண்ணாது" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். கருப்பட்டி, பனங்கற்கண்டு, வெல்லம் எல்லாமே ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுபவைதான். அவர்களுக்கு இனிப்பில்லாமல், ஒரு சிட்டிகை உப்பும் சில சொட்டு எலுமிச்சைச் சாறும் விட்டுக் கொடுங்கள். சுக்கின் காரத்துக்கு அது ஜோராகவே இருக்கும்.

பனங்கற்கண்டு மஞ்சள் பால்

இரவு படுக்கப் போகும்போது பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்றது. ஒரு டம்ளர் பாலுக்குக் கால் டீஸ்பூன் மஞ்சள்பொடி, இரண்டு மிளகு தட்டிப் போட்டுக் காய்ச்ச வேண்டும். மஞ்சளோடு மிளகு சேர்த்த நம் பாட்டிமார்களின் கைப்பக்குவம் லேசானதல்ல. மஞ்சளில் உள்ள சத்துப்பொருள் உடம்பில் சேருவதை மிளகு வெகுவாகக் கூட்டுகிறது என்று 1998-ல் பெங்களூரு ஆராய்ச்சியாளர்கள் கண்டு சொன்னார்கள். அதற்காக மஞ்சள் பால் ஜலதோஷத்தைத் துரத்திவிடும் என்று எண்ண வேண்டாம். ஜலதோஷம் வைரஸால் வருவது. பெரும்பாலும் தானாகவே போய்விடும். அதுவரை சூடான பானம் தொண்டைக்கு இதம் தரும், அவ்வளவுதான்.

ஒரு சின்னக் குறிப்பு: பாலில் கருப்பட்டி போட்டால் திரிந்துவிடுகிறது என்று பலர் குறைப்படுகிறார்கள். கருப்பட்டியைத் தனியே கரைத்து வடிகட்டி ஆறவையுங்கள். பாலை அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கியபின் அதைச் சேருங்கள். திரியாது.

சாந்தோம் பக்கத்து இஞ்சி ஒயின்

மாடவீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் கொஞ்ச தூரம் நடந்தால் சாந்தோம். 1896-ல் இப்போதுள்ள உருவில் எழுந்த பேராலயத்தின் வெள்ளைக் கோபுரத்தைச் சுற்றிக் கிறிஸ்துமஸ் விளக்குகள். மார்கழிக் கோலமும் காகித நட்சத்திரமும் ஒரே தெருவில் தொங்கிக் குலவுகிற பேட்டை இது. இங்கிருந்து பொங்கல் போகும். அங்கிருந்து கேக் வரும்.

சில வீடுகளில் கேக்கோடு இஞ்சி ஒயினும் வரும். பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள், போதை எதுவும் கிடையாது. 100 கிராம் இஞ்சியைத் தோல் சீவி நசுக்கி, ஒரு துண்டு பட்டை, 4 கிராம்பு சேர்த்து, 6 டம்ளர் தண்ணீரில் அரை மணி கொதிக்க விடுங்கள். வடிகட்டி, 2 டம்ளர் சர்க்கரை போட்டு மீண்டும் ஒரு கொதி. ஆறியதும் 3 எலுமிச்சம்பழம் பிழியுங்கள். 2 ஸ்பூன் சர்க்கரையைத் தனியே கருக்கித் தண்ணீர் விட்டுக் கரைத்து ஊற்றினால் அந்த அழகான நிறம் வந்துவிடும். பரிமாறும்போது ஒரு பங்குக்கு இரண்டு பங்கு வெந்நீர் கலக்க வேண்டும். இனிப்பு அதிகமாதலால் விருந்துக்கு மட்டும் போதும், தினமும் வேண்டாம்.

கைக்குழந்தைக்கு எந்த டம்ளர்?

இளம் தாய்மார்கள் இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள். வீடு நிறைய உறவினர்கள் இருக்கும்போது ஆளுக்கொரு யோசனை வரும். "துளசிச் சாறுல ஒரு சொட்டுத் தேன் குழைச்சு நாக்குல தடவேன், சளி போயிடும்" என்பார் ஒருவர். அன்போடு சொல்வதுதான். ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துக்கள் பச்சிளங் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் விஷத்தை உண்டாக்கக்கூடும். வீட்டு அடுப்பில் காய்ச்சினாலும் அந்த வித்துக்கள் அழிவதில்லை.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே போதும், வெந்நீர்கூட வேண்டாம். பெரியவர்கள் மனம் நோகாமல், "டாக்டர் ஒரு வயசு வரைக்கும் வேண்டாம்னுட்டார், பாட்டி" என்று சொல்லிவிடுங்கள். டாக்டர் மேல் பழியைப் போட்டால் வீட்டில் சண்டை வராது!

சளியோடு குழந்தை வேகமாக மூச்சு விட்டால், அது தூங்கும்போது ஒரு முழு நிமிஷம் எண்ணிப் பாருங்கள். இரண்டு மாதத்துக்குள் 60-ம், ஒரு வயதுக்குள் 50-ம், ஐந்து வயதுக்குள் 40-ம், அதற்கு மேலும் போனால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும் அப்படியே. கஷாயம் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரமல்ல அது. தத்தித் தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் ஆவி பிடிக்கும் பாத்திரத்தைத் தரையில் வைக்காதீர்கள்.

கச்சேரியும் காப்பியும்

1927-ல் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது நடந்த இசை மாநாட்டிலிருந்து பிறந்தது மியூசிக் அகாடமி. அது தொடங்கி வைத்த டிசம்பர் சீசன் இன்று எத்தனையோ சபாக்களில் களை கட்டுகிறது. கச்சேரி பாதி, கேன்டீன் பாதி! ஒரு ராகத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு டிகிரி காப்பி என்பது சபா வழக்கம்.

ரசியுங்கள், கணக்கோடு. 150 மில்லி ஃபில்டர் காப்பியில் 80 முதல் 120 மில்லிகிராம் காஃபீன் இருக்கிறது. நாளொன்றுக்கு 300-க்கு மேல் வேண்டாம் என்பது 2024-ல் வெளியான தேசிய உணவு வழிகாட்டியின் அறிவுரை. உணவுக்கு ஒரு மணி முன்னும் பின்னும் காப்பி, டீ வேண்டாம் என்றும் அது சொல்கிறது. உணவில் உள்ள இரும்புச் சத்தை உடம்பு ஏற்காமல் அவை தடுக்கின்றன.

கலந்து கொடுக்கிறவளுக்கு?

அந்த இரும்புச் சத்து யாருக்கு அதிகம் வேண்டும் தெரியுமா? நமக்குத்தான். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. நூறு பெண்களில் பாதிக்கு மேல்!

இதை மனத்தில் வைத்து நம் மார்கழிக் காலையைப் பாருங்கள். நாலரைக்கு எழுந்து கோலம், பிறகு வந்தவர்களுக்கெல்லாம் காப்பி. தனக்கென்று அடியில் மிஞ்சிய அரை டம்ளர், அதுவும் ஆறிப்போய், நின்றுகொண்டே! பதினோரு மணிக்குச் சாப்பாட்டோடு இன்னொரு காப்பி. களைப்பாக இருக்கிறது என்றால், "சீசன் அலைச்சல்" என்று ஒரு சமாதானம்.

காசு செலவில்லாத மாற்றம் ஒன்று சொல்கிறேன். சுக்குப் பானம் இறக்கியதும் முதல் டம்ளரை உங்களுக்கு ஊற்றுங்கள், உட்கார்ந்து குடியுங்கள். மத்தியானம் முருங்கைக் கீரையோ கேழ்வரகோ சாப்பிடும் அன்று, காப்பிக்குப் பதில் இந்தப் பருவத்தில் மலிவாகக் கிடைக்கும் பெரிய நெல்லிக்காயில் ஒன்று. அதிலுள்ள வைட்டமின் சி இரும்பைச் சேர்க்கும், காப்பி தடுக்கும். சோர்வு, மூச்சு வாங்குதல், தலைசுற்றல் தொடர்ந்தால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தை பிறக்கட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.

"எல்லாரும் குடிச்சாச்சா?" என்று தினமும் கேட்கிறோமே, அந்த 'எல்லாரும்' என்பதில் நம்மையும் சேர்த்துக்கொள்வோம், சகோதரிகளே!