இட்லித் தட்டில் இறங்கும் சூரியன்

தர்மபுரி மாவட்டத்து இண்டூர்ப் பக்கம் நாட்டு ஓடு வேய்ந்த வீட்டுக்குள் உச்சிவேளையில் நுழைந்தால், தரையில் காசு காசாக வெயில் கிடக்கும். மேலே ஓடு விலகிய பொத்தல் முக்கோணமாகவோ கோணல்மாணலாகவோ இருக்கும். கீழே விழும் ஒளியோ வட்டமாகத்தான் இருக்கும். நாம் பார்ப்பது பொத்தலின் வடிவத்தை அல்ல, சூரியனின் பிம்பத்தை!

ஒளி நேர்கோட்டில் செல்வது. சூரியனின் மேல்விளிம்பிலிருந்து வரும் கதிர் துளையைக் கடந்து கீழேயும், கீழ்விளிம்பின் கதிர் மேலேயும் போய் விழ, தலைகீழான பிம்பம் உருவாகிறது. சூரியனின் விட்டத்தைப் போல் சுமார் 108 மடங்கு தொலைவில் பூமி இருக்கிறது. எனவே துளைக்கும் தரைக்கும் உள்ள தூரத்தை 108ஆல் வகுத்தால் பிம்பத்தின் அளவு கிடைத்துவிடும். மூன்று மீட்டர் உயரக் கூரை என்றால் ஏறக்குறைய 28 மில்லிமீட்டர். நம் பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர்!

வீட்டில் இட்லித் தட்டு இருக்குமே, எடுத்து வாருங்கள். வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, தட்டின் நிழலை ஒரு வெள்ளைத் தாளில் விழச் செய்யுங்கள். தட்டைத் தாளிலிருந்து மெல்ல விலக்கினால் ஒளிப்பொட்டுகள் பெரிதாகி மங்கும். மேலும் விலக்கினால் ஒன்றோடொன்று கலந்துவிடும். தட்டைச் சாய்த்தால் பொட்டுகள் நெருங்கி வரும், ஆனால் வட்டம் குலையாது. தாளைச் சாய்த்தால்தான் முட்டை வடிவமாக நீளும். தட்டின் துளை வழியாகச் சூரியனை மட்டும் எட்டிப் பார்த்துவிடாதீர்கள். கண் போய்விடும்.

இப்படிப் பார்ப்பவரின் அசைவும் சேர்ந்தால்தான் முழுமையடையும் ஒளிக்கலைக்கு இன்று அருங்காட்சியகங்களில் தனி இடம் உண்டு. மும்பைக் கலைஞர் ஷில்பா குப்தா 2007இல் உருவாக்கிய ‘நிழல் 3’ அப்படிப்பட்டது. திரைமுன் நிற்பவரின் உருவத்தைக் கேமரா பிடித்து நிழலாகக் காட்டும். மேலிருந்து தட்டுமுட்டுச் சாமான்களின் நிழல்கள் சரிந்துவந்து அந்த நிழலோடு ஒட்டிக்கொள்ளும். நகர்ந்தாலும் விடாது. அங்கே கணினி செய்யும் வேலையை இங்கே இட்லித் தட்டைப் பிடித்த நம் கையே செய்கிறது.

இந்த இட்லித் தட்டுக் கலையின் உச்சம் கிரகண நாள்தான். 2019 டிசம்பர் 26 காலையில் ஈரோடு, கரூர், திண்டுக்கல் பகுதிகளில் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தது. அப்போது மரத்தடியில் இலைச் சந்துகளின் வழியே விழுந்த ஒவ்வொரு பொட்டும் ஒரு வளையம். வளையம் தெரிந்த பாதைக்கு வெளியே இருந்த தர்மபுரி மாவட்டத்தில் அவை பிறைகள்.

அடுத்து 2031 மே 21 அன்று, நண்பகலுக்குப் பிறகு, தேனி, மதுரை, காரைக்குடி வழியாக வளையக் கிரகணம் கடக்கப்போகிறது. இண்டூரில் அன்றும் பிறைதான். கிரகணம் என்று கதவைச் சாத்திக்கொள்ளாமல், இட்லித் தட்டோடு வாசலுக்கு வாருங்கள். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்.