துண்டுக் காகிதம் சட்டம் ஆவது எப்படி?
பார்லிமெண்டு நோட்டீசும் கமிட்டியும்: காட்டுமன்னார்கோயில் இளையபெருமாள் கதை

பார்லிமெண்டு மெம்பர் ஒருவர் நினைத்த நேரத்தில் எழுந்து, நினைத்ததைப் பேசிவிட முடியுமா?

முடியாது. முதலில் அவர் நோட்டீசு கொடுக்க வேண்டும்.

இது சுவரில் ஒட்டும் நோட்டீசு அல்ல. "இந்த விஷயத்தைச் சபையில் எழுப்பப் போகிறேன்" என்று முன்கூட்டியே எழுதித் தரும் அறிவிப்பு. மெம்பர் அதில் கையெழுத்துப் போட்டு, சபையின் பொதுச் செயலாளர் பெயருக்குக் கொடுக்க வேண்டும்.

ஏன் இந்தக் கட்டுப்பாடு? லோக்சபையில் 543 தொகுதிகளின் மெம்பர்கள் இருக்கிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினால் அது சபையாக இராது, சந்தையாகிவிடும். பதில் சொல்ல வேண்டிய மந்திரிக்கும் விவரம் திரட்ட அவகாசம் வேண்டும் அல்லவா?

எத்தனை நாள் முன்பு?

மந்திரியிடம் கேள்வி கேட்கக் குறைந்தது 15 முழு நாட்களுக்கு முன்பே நோட்டீசு தர வேண்டும். சபையில் வாய்மொழியாகப் பதில் பெற வேண்டிய கேள்விக்கு நட்சத்திரக் குறி போடுவார்கள். ஒரு நாளைக்கு 20 கேள்விகளுக்குத்தான் அந்த அதிர்ஷ்டம். யாருடைய கேள்வி முந்துவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள்.

மந்திரியாக இல்லாத மெம்பரும் சொந்தமாக ஒரு மசோதா கொண்டு வரலாம். அதற்கு ஒரு மாத நோட்டீசு வேண்டும். இத்தகைய வேலைகளுக்காக வெள்ளிக்கிழமைகளில் சபையின் கடைசி இரண்டரை மணி நேரத்தை ஒதுக்கி இருக்கிறார்கள்.

தலைபோகிற அவசரம் என்றால் ஒத்திவைப்புத் தீர்மானம் உண்டு. அன்று காலை 10 மணிக்குள் நோட்டீசு கொடுத்துவிட வேண்டும்.

தீர்மானம் எழுதுவதற்கும் விதிகள் இருக்கின்றன. ஒரே விஷயத்தைத்தான் சொல்லலாம். ஏளனம் கூடாது. அவதூறு கூடாது. கோர்ட்டில் நடக்கும் வழக்கைத் தொடக்கூடாது. தீர்மானத்தை ஏற்பதா, தள்ளுவதா என்று முடிவு செய்பவர் சபாநாயகர்.

கமிட்டி எதற்கு?

எல்லாவற்றையும் சபையிலேயே அலசி ஆராய முடியாது. ஆகவே சில மெம்பர்களைப் பொறுக்கி எடுத்துக் கமிட்டி அமைக்கிறார்கள். இரு சபை மெம்பர்களும் சேர்ந்திருந்தால் அது கூட்டுக் கமிட்டி.

கமிட்டி எந்த நாளில், எத்தனை மணிக்குக் கூடுவது என்பதைத் தலைவர் குறிப்பார். மூன்றில் ஒரு பங்கு மெம்பர்களாவது வந்தால்தான் கூட்டம் நடக்கும். கூட்டத்தை வெளியார் பார்க்க முடியாது. சாட்சிகளை அழைக்கலாம். தஸ்தாவேஜுகளைக் கேட்டு வாங்கலாம். ஓட்டு சமமாகப் பிரிந்தால் தலைவர் ஓட்டுப் போட்டு முடிவு செய்வார். கடைசியில் அறிக்கை சபைக்கு வரும்.

கடலூரிலிருந்து டெல்லிக்கு

1952-ம் ஆண்டு. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல். அப்போது கடலூர் இரட்டை மெம்பர் தொகுதி. ஒன்று பொது இடம். மற்றொன்று தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கிய இடம். அந்த ஒதுக்கிய இடத்தில் வெற்றி பெற்றவர் எல். இளையபெருமாள்.

காட்டுமன்னார்கோயில் பகுதியில் 1924-ல் பிறந்தவர். ஆதிதிராவிடர் குடும்பம். டெல்லிக்குப் போனபோது அவருக்கு 28 வயதுகூட நிரம்பவில்லை! 1957-ல் சிதம்பரத்திலும், 1962-ல் திருக்கோயிலூரிலும் மறுபடி வென்றார்.

அவர் லோக்சபையில் இருந்தபோதுதான் தீண்டாமைக் குற்றச் சட்டம் நிறைவேறியது. 1955 ஜூன் 1-ந் தேதி அது அமலுக்கு வந்தது. கோயிலிலும், கிணற்றிலும், ஓட்டலிலும் ஒருவரைத் தீண்டாமை காரணமாகத் தடுத்தால் குற்றம் என்றது சட்டம்.

ஆனால் அதில் ஒரு ஓட்டை இருந்தது. வழக்குப் போட்ட பிறகு இரு தரப்பும் ராஜி ஆகிவிடலாம்! மிராசுதாரின் வயலில் கூலி வேலை செய்கிறவர் அதே மிராசுதார் மீது வழக்குத் தொடுத்தால் என்ன ஆகும்? "ராஜி ஆகிறாயா? இல்லையென்றால் நாளை முதல் வேலை இல்லை" என்றால் அவர் எங்கே போவார்? அபராதம் மட்டும் கட்டிவிட்டுத் தப்பவும் அந்தச் சட்டத்தில் வழி இருந்தது.

நாலு வருட வேலை

சட்டம் இருந்தும் தீண்டாமை போகவில்லை. உண்மை நிலை என்ன? இதை அறிய 1965-ல் மத்திய சர்க்கார் ஒரு கமிட்டி அமைத்தது. அதன் தலைவர் இளையபெருமாள்.

இது பார்லிமெண்டு கமிட்டி அல்ல. சர்க்கார் நியமித்த கமிட்டி. லோக்சபை கலைந்தால் அதன் கமிட்டிகளும் கலைந்துவிடும். சர்க்கார் கமிட்டி அப்படிக் கலையாது. 1967-க்குப் பிறகு அவர் லோக்சபை மெம்பர் அல்ல. ஆனாலும் கமிட்டி வேலை தொடர்ந்தது. 1969-ல் அறிக்கை வந்தது.

கமிட்டி சொல்வது யோசனைதான், உத்தரவு அல்ல. அது சட்டமாக வேண்டுமானால் மறுபடி மசோதா, மறுபடி கமிட்டி, மறுபடி ஓட்டு!

1972-ல் திருத்த மசோதா லோக்சபைக்கு வந்தது. கூட்டுக் கமிட்டிக்குப் போனது. 1976-ல்தான் நிறைவேறியது. அந்த ஆண்டு நவம்பர் 19 முதல் சட்டத்தின் பெயரே மாறியது: குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம்.

இனி ராஜி கிடையாது. குறைந்தது ஒரு மாதம் ஜெயில், அதோடு அபராதமும் உண்டு. விசாரிக்காமல் வேண்டுமென்றே அலட்சியம் செய்யும் அதிகாரியும் குற்றத்துக்கு உடந்தை!

பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க வேண்டும் என்பதும் இளையபெருமாள் கமிட்டியின் யோசனை. அதைச் சுட்டிக்காட்டித் தமிழ்நாடு சட்டசபை சட்டம் செய்தது. பரம்பரை உரிமையை நீக்கியது செல்லும் என்று 1972-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஆனால் அர்ச்சகர் நியமனம் ஆகம விதிப்படியே இருக்க வேண்டும் என்றும் கூறியது.

இளையபெருமாள் 2005-ல் காலமானார். சிதம்பரத்தில் அவருக்கு நினைவரங்கம் எழுப்பி இருக்கிறார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது

உங்கள் ஊரில் குறை இருக்கிறதா? மெம்பருக்கு எழுதுங்கள். ஒரு மனுவில் ஒரே விஷயத்தை எழுதுங்கள். நடந்த தேதியையும் இடத்தையும் தெளிவாகக் குறிப்பிடுங்கள். யாரையும் திட்டாதீர்கள். சபை நோட்டீசுக்கு உள்ள விதிகளும் ஏறக்குறைய இவைதான். லோக்சபையிலும் சட்டசபையிலும் மக்களின் மனுக்களைப் பார்ப்பதற்கென்றே கமிட்டிகள் இருக்கின்றன.

பதில் வரத் தாமதம் ஆகலாம். 1965-ல் தொடங்கிய வேலை சட்டமாக 11 வருடம் ஆயிற்று. எழுதிக் கொடுத்தால்தான் அது கணக்கில் ஏறும்.