மகமை (விருதுநகர் வணிகர் பொதுநிதி)

மகமை என்பது வணிகர்கள் தம் சரக்கின் அளவுக்கோ மதிப்புக்கோ ஏற்பப் பொதுக்காரியங்களுக்கென ஒதுக்கித் தரும் தொகை ஆகும். தமிழகத்தின் பல வணிகச் சமூகங்களில் இவ்வழக்கம் உண்டு. செட்டிநாட்டு நகரத்தார் கோயில்களும் மகமை பெற்றன. எனினும் விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி ஆகிய ஆறு ஊர்களின் நாடார் வணிகர்களிடையே இது ஏறக்குறைய ஒரு நகராட்சி வரியைப் போலவே வளர்ந்தது. இதன் பின்னால் அரசின் சட்டம் எதுவும் இல்லை.

தோற்றம்

19ஆம் நூற்றாண்டில் தெற்கிலிருந்து மாட்டுவண்டிகளில் சரக்கு ஏற்றி வந்த நாடார் வணிகர்களுக்கு வழிப்பறி பெரும் அச்சமாக இருந்தது. வண்டியும் மாடும் மூட்டையும் பத்திரமாகத் தங்குவதற்குச் சுற்றுச்சுவருடன் கூடிய பேட்டைகளை அவர்கள் அமைத்தனர். பேட்டையைப் பராமரிக்கவும் காவலுக்கும் பணம் வேண்டும். அங்கு ஏற்றி இறக்கிய சரக்கின் மீது வசூலித்த மகமை அந்தச் செலவைத் தாங்கியது.

பேட்டையைச் சுற்றி ஊர் பெருகியபோது வசூலும் பெருகியது. அக்காலத்தில் நாடார்களுக்குப் பல கோயில்களில் நுழைவு மறுக்கப்பட்டது. பொது வசதிகள் பலவும் எட்டாமல் இருந்தன. கோயில் நுழைவுச் சச்சரவின் தொடர்ச்சியாக 1899இல் சிவகாசி தாக்கப்பட்டது. கமுதி கோயில் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1908இல் அவர்களுக்கு எதிராக முடிந்தது. மற்றவர்களின் கிணறும் கோயிலும் பள்ளியும் மூடியிருந்த நிலையில், சொந்தமாகக் கட்டிக்கொள்வதற்கான நிதியாக மகமை மாறியது.

வசூலும் செலவும்

மகமையை நிர்வகித்தது உறவின்முறை என்னும் ஊர் அமைப்பு. இதன் கணக்கு எளிது. ஒரு மூட்டைக்கு 1 ரூபாய் எனக் கொண்டால், நாளொன்றுக்கு 500 மூட்டை கைமாறும் சந்தையில் 300 வேலைநாளில் 1,50,000 ரூபாய் சேரும். தனி ஒருவருக்குச் சுமை தெரியாது. ஊருக்கோ ஒரு பள்ளிக்கூடம் கிடைக்கும்.

தானாக முன்வந்து கொடுக்கும் வரியில் ஏமாற்றுவோர் இருப்பார்கள் என்பது பொருளியலில் பழைய கேள்வி. இங்கே அதைக் கட்டுப்படுத்தியது ஊரின் அமைப்பே. மண்டிக்காரர் ஒவ்வொருவரும் அடுத்தவருடைய சரக்கு வரத்தை அறிந்தவர். கடனும் பெண் கொடுத்து எடுப்பதும் அதே வட்டத்துக்குள்தான். மகமையை மறைத்தவர் நாணயம் இழந்தவராவார். உறவின்முறை அவரை ஒதுக்கி வைக்கவும் முடியும். அமீனா தேவைப்படவில்லை.

விருதுநகரின் சத்திரிய வித்தியாசாலை உயர்நிலைப்பள்ளி இந்நிதியின் மிகவும் அறியப்பட்ட பயன். மகமையில் ஒரு பங்கு பள்ளிக்குச் சென்றது. வீடுதோறும் திரட்டிய பிடி அரிசியும் அதனுடன் சேர்ந்தது. காமராசர் இப்பள்ளியில் பயின்றவர்.

சுமை யாருக்கு?

மகமையைக் கொடுப்பவர் வணிகர் என்று சொல்வது பாதி உண்மைதான். பட்டியலில் அது தனி வரியாக எழுதப்படும்போது வாங்குபவர் அதைச் செலுத்துகிறார். கொள்முதலில் கழிக்கப்படும்போது மிளகாய் வத்தல் கொண்டுவந்த விவசாயி செலுத்துகிறார். செலவைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் இவர்கள் இருவருக்கும் இடமில்லை. மூட்டை சுமந்தவருக்கும் இல்லை. வாக்குரிமையும் தணிக்கையும் உள்ள நகராட்சி வரியிலிருந்து மகமை வேறுபடும் இடம் இதுவே. பெருமையாகப் பேசப்படும் வரலாற்றில் இப்பகுதி பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

வருமான வரித் துறைக்கும் இத்தொகை சிக்கலானது. வடநாட்டில் இதற்கு இணையான 'தர்மாதா' வசூல் குறித்த பிஜ்லி காட்டன் மில்ஸ் வழக்கில், தருமத்துக்கென்றே வாங்குபவரிடம் தனியாகப் பெற்ற தொகை விற்பவரின் வருமானமாகாது என உச்ச நீதிமன்றம் கூறியது.

சிவகாசியும் இன்றைய வரிகளும்

1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய பின் சிவகாசி உற்பத்தி நகரமானது. 1934இல் தீப்பெட்டிக்குக் கலால் வரி வந்தது. அது மைய அரசுக்குச் சென்றது. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது பட்டாசுக்கு முதலில் 28 விழுக்காடு விதிக்கப்பட்டு, பின்னர் 18 ஆகக் குறைந்தது.

இவ்வரி நுகர்வு நடக்கும் இடத்தைச் சேர்வது. சிவகாசிப் பட்டாசு உத்தரப் பிரதேசத்தில் வெடித்தால், மாநிலப் பங்கு அம்மாநிலத்துக்கே போகும். உள்ளாட்சிக்குக் கிடைக்கும் முதன்மையான சொந்த வருவாய் சொத்து வரி. ஆனால் வெடிவிபத்து அச்சத்தால் ஆலைகள் பல ஊருக்கு வெளியே, சுற்றுக் கிராம ஊராட்சிகளில் இருக்கின்றன. அதனால் அந்தக் கட்டடங்களின் வரியும் நகருக்கு வராது. 2021இல் திருத்தங்கலுடன் இணைந்து சிவகாசி மாநகராட்சியானது. அதன் எல்லை விரிந்தாலும் வணிகத்தின் மதிப்பு அதன் வரிக்குள் அடங்குவதில்லை. சரக்கு கைமாறும் இடத்திலேயே பிடிக்கப்பட்டு அதே ஊரில் செலவான மகமைக்கு இந்தச் சிக்கல் இருந்ததில்லை.