கணினி 'சரி' என்றால் எல்லாம் சரியா?

உயர்தரப் பரீட்சை எழுதும் எங்களுக்கும் எங்கள் பெற்றோருக்கும் நன்கு பழக்கமான சொல் இஸட் புள்ளி. ஒருவர் பெற்ற புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் இடையைக் கழித்து, நியம விலகலால் வகுத்தால் அது கிடைக்கும். பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர். ஓ. தட்டில் அறிமுகப்படுத்திய இம்முறை, 2001 முதல் பல்கலைக்கழக அனுமதிக்குப் பயன்படுகிறது. இலட்சக்கணக்கான விடைத்தாள்களுக்கு இதனைக் கையால் கணிக்க முடியாது; கணினிச் செய்நிரல்தான் வேண்டும். அந்தச் செய்நிரல் சரியானது என்பதை இன்னொரு செய்நிரலைக் கொண்டே நிரூபித்துவிட முடியாதா?

இதற்கு இரண்டு எல்லைகள் உண்டு.

முதலாவது, கணிதம் விதித்த எல்லை. எந்தச் செய்நிரலைக் கொடுத்தாலும், அது வேலையை முடித்து நிற்குமா அல்லது முடிவின்றி ஓடிக்கொண்டிருக்குமா என்று தவறாமல் சொல்லும் பொது வழிமுறை இருக்க முடியாது என 1936இல் அலன் டியூரிங் நிறுவினார். ஆகவே எல்லாச் செய்நிரல்களுக்கும் தீர்ப்புச் சொல்லும் இயந்திரம் கிடையாது. ஆனால் குறிப்பிட்ட ஒரு செய்நிரலை நிரூபிக்கலாம். 2009இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள், ஒரு பணிசெயல் முறைமையின் கருப்பகுதியை, சுமார் 8,700 வரிகளை, அவ்வாறு நிரூபித்தார்கள். நிரூபணத்தை மனிதர்கள் எழுத, கணினி படிப்படியாகச் சரிபார்த்தது.

இரண்டாவது எல்லை எங்களுக்கு இன்னும் நெருக்கமானது. நிரூபணம் என்பது, நாம் எழுதிக்கொடுத்த விதியின்படி செய்நிரல் நடக்கிறதா என்று பார்ப்பது மட்டுமே. அந்த விதியே பிழையாக இருந்தால்?

2011 உயர்தரப் பரீட்சையைப் புதிய பாடத்திட்டத்திலும் பழைய பாடத்திட்டத்திலும் மாணவர்கள் எழுதினார்கள். இரு பிரிவினரையும் ஒன்றாகச் சேர்த்து இஸட் புள்ளி கணிக்கப்பட்டது. ஒரு கற்பனை உதாரணம் பாருங்கள். பழைய வினாத்தாளின் இடை 40, புதியதன் இடை 60. இரு பிரிவிலும் சம எண்ணிக்கையினர். பழையதில் 50 எடுத்தவர் தன் பிரிவின் இடையைவிட உயர்ந்தவர். ஆனால் சேர்த்துக் கணித்தால் பொது இடை 50 ஆகி, அவருடைய இஸட் புள்ளி பூச்சியமாகிவிடும். கழித்தலிலும் வகுத்தலிலும் ஒரு பிழையும் இல்லை. சரிபார்க்கும் கருவி எதுவும் இதைப் பிழை என்று சொல்லாது.

விடயம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2012 ஜூனில் நீதிமன்றம் அந்த இஸட் புள்ளிகளை இரத்துச் செய்து, இரு பிரிவினரையும் தனித்தனிக் குடித்தொகைகளாகக் கொண்டு மீண்டும் கணிக்கப் பணித்தது.

செய்நிரலைச் சரிபார்க்கும் கருவிகள் அவசியமானவை. அவை இல்லாவிட்டால் பல பிழைகள் கண்ணில் படாமலே போய்விடும். ஆனால் யாரை யாரோடு ஒப்பிடுவது நியாயம் என்பதை அவற்றால் தீர்மானிக்க முடியாது. அடுத்த முறை "கணினி கணித்தது, பிழை இருக்காது" என்று யாராவது சொன்னால், எந்த விதிப்படி கணித்தது என்று கேட்டுப் பார்ப்போம்.