பூச்சி மாத்திரை கொடுத்தாச்சு, அப்புறம்?

"ராத்திரியெல்லாம் பல்லை நறநறன்னு கடிக்கிறான், வயித்துல பூச்சி இருக்கு. மிட்டாய் வாங்கித் தராதே." இந்தப் பேச்சைக் கேட்காத வீடு குறைவு. ஆனால் பல் கடிப்பதை மட்டும் வைத்துப் பூச்சி என்று சொல்லிவிட முடியாது. இனிப்பிலிருந்து பூச்சி உண்டாவதும் இல்லை. அது பெரும்பாலும் மண்ணிலிருந்து வருகிறது.

மண் வழியாகப் பரவும் குடற்புழுக்கள் உலகில் ஏறத்தாழ 150 கோடிப் பேரிடம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. கிட்டத்தட்ட ஐந்து பேரில் ஒருவருக்கு! இவை அதிகம் பரவும் பகுதிகளில் வாழும் பள்ளி வயதுப் பிள்ளைகள் மட்டும் 65 கோடிக்கு மேல்.

இவற்றில் முக்கியமானவை மூன்று: உருண்டைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு. ஒரு பெண் உருண்டைப்புழு நாளுக்கு 2 லட்சம் முட்டைகள் வரை இடும். அவை மலத்தோடு வெளியேறி, ஈர மண்ணில் சில வாரங்கள் கிடந்து முதிர்கின்றன. பிறகு விளையாடும் பிள்ளையின் நக இடுக்கிலோ, கழுவாத காய்கறியிலோ ஒட்டிக்கொண்டு வாய்க்குள் போகின்றன.

கொக்கிப்புழு வரும் வழியே வேறு. மண்ணில் பொரித்த அதன் இளம்புழு, வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே நுழைகிறது. ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலை அடைகிறது. அங்கே குடல் சுவரைக் கவ்வி ரத்தம் உறிஞ்சுகிறது. புழுக்கள் பெருகினால் பிள்ளை வெளிறிப்போகும், சோர்ந்து கிடக்கும், படிப்பில் மனம் ஊன்றாது. நாம் அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டிக்கொண்டிருப்போம்.

இதற்காகத்தான் தேசிய குடற்புழு நீக்க நாள் 2015 முதல் நடத்தப்படுகிறது. 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு அங்கன்வாடியிலும் பள்ளியிலும் அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாகத் தருகிறார்கள். 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அரை மாத்திரை, மற்றவர்களுக்கு 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்று. சிறு குழந்தைக்குப் பொடித்துத் தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். பெரிய பிள்ளைகள் மென்று விழுங்க வேண்டும். புழு அதிகம் உள்ள சிலருக்கு லேசான வயிற்றுவலியோ குமட்டலோ வரலாம். பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். அன்று பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால், பணியாளரிடம் சொல்லி வேறொரு நாள் கொடுங்கள்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. மாத்திரை, வயிற்றில் இப்போது இருக்கும் புழுவை வெளியேற்றும். நாளை வரப்போவதைத் தடுக்காது. அதனால்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடியும் தருகிறார்கள். வரும் வழியை அடைப்பது நம் கையில் இருக்கிறது. கழிப்பறையைப் பயன்படுத்துவது, வெளியே போகும்போது செருப்பு அணிவது, சாப்பிடும் முன்பும் மலம் கழித்த பின்பும் சோப்பு போட்டுக் கை கழுவுவது, காய்கறி பழங்களைக் கழுவிச் சாப்பிடுவது ஆகிய நான்கும் வீட்டுப் பழக்கமாக வேண்டும்.

இன்று சோறு ஊட்டும் முன் உங்கள் பிள்ளையின் விரல்களைப் பிடித்துப் பாருங்கள். நகத்தடியில் கறுப்பாக மண் தெரிந்தால், முதலில் நகவெட்டியை எடுங்கள்.