வாடகை வீடும் முற்பணமும்



வளைகுடா நாடுகளில் உழைத்துச் சேமித்த பணத்தில் ஹட்டனிலோ நுவரெலியாவிலோ வீடொன்றைக் கட்டி வாடகைக்கு விடுவதை நம்மவருள் பலர் இலேசான வருமானம் எனக் கருதுகின்றனர். தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் தகரக் கூரை ஒழுகும். சுவரெங்கும் பூஞ்சணம் படரும். அவற்றைச் சீர்செய்வது உரிமையாளரின் கடமையாகும். வாடகை பெறுபவர் வீட்டைக் குடியிருக்கத் தக்கதாக வைத்திருக்க வேண்டுமென்பது இஜாராவின் அடிப்படை விதியன்றோ!

இதனினும் பெரிய சோதனை முற்பணமாகும். லயன் அறையை விட்டு நகருக்கு வரும் ஆசிரியரோ கடைச் சிப்பந்தியோ நகையை அடகு வைத்தே அதனைத் தந்திருக்கலாம். அது வீட்டுக்காரரின் வருமானமன்று. திருப்பிக் கொடுக்கவேண்டிய தொகை. அதனைக் கொண்டு மேல்மாடியைக் கட்டிவிட்டு, அவர் வெளியேறும் நாளில், "அடுத்தவர் வந்ததும் தருகிறேன்" என்பது எவ்வகை நியாயம்?

வாய்ப்பேச்சு போதாது. கடனை எழுதிக்கொள்ளுமாறு சூரதுல் பகராவின் 282ஆம் வசனம் பணிக்கின்றது. நாட்டின் சட்டமும் அவ்வாறே. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படல் வேண்டும். எழுத்திலான குத்தகை முடிந்தபின்னும் வெளியேற மறுப்பவரிடமிருந்து வீட்டை மீட்க, 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் மாவட்ட நீதிமன்றத்தில் விரைவான வழியைத் திறந்துள்ளது. எழுதாதவருக்கு அவ்வழி இல்லை.

முற்பணம் எவ்வளவு, எந்நாளில் திரும்பும், எந்தச் சேதத்துக்குக் கழிக்கப்படும் என்பனவற்றையும் அப்பத்திரத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். குடிபுகும் நாளில் சுவர், குழாய், மின்மானி அளவு ஆகியவற்றை இருவருமாகப் பார்த்துக் குறித்து ஒப்பமிடுங்கள்.